நாற்பதுக்குக் குறைந்த பதின்மூன்று புத்தகங்கள்

வருடத்துக்கு நாற்பது தமிழ்ப் புத்தகங்கள் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட இலக்கு. பேர்லினுக்கு வந்து சில வருடங்களில் தொடங்கிய பழக்கம் அது. நான் வேலை செய்யும் பண்டகசாலையில் நாள் முழுக்க வாசிப்பது பெட்டிகளில் ஒட்டியிருக்கும் ஜெர்மன் சீட்டுகளைத்தான். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு வேறு எழுத்து வேண்டியிருந்தது. நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களை அதற்கென்று ஒதுக்கி, புத்தகத்தின் பெயரையும் தொடங்கிய நாளையும் முடித்த நாளையும் எழுதிவைப்பேன். அட்டை தொடங்கி அட்டை வரை வாசித்திருக்க வேண்டும். பாதியில் விட்டது கணக்கில் வராது.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த வருடம். நொய்கெல்ன் பகுதியில் எங்கள் தெரு முழுக்க யன்னல்களில் கொடிகள் தொங்கின. அந்தக் கோடையில் நன்றாக வாசித்தேன். ஓகஸ்ட் முடியும்போது இருபத்தேழு புத்தகங்கள் ஆகியிருந்தன. செப்டெம்பரில் ஒரு காலை, சிறுவர் நிலையமொன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்த என் மனைவி, கையில் இருந்த கிண்ணத்தோடு கீழே விழுந்தாள். பாரிசவாதம் என்றார்கள். வலது கையும் காலும் சில வாரங்களில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை.

பேச்சு வரவில்லை என்றால் சத்தம் வரவில்லை என்று பொருளல்ல. "அது" என்ற ஒரு சொல் மட்டும் அவளிடம் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, யன்னலைப் பூட்ட வேண்டுமென்றாலும் அது. என்னை அழைப்பதும் அதுவே. சொல்ல நினைப்பது வேறு, வாயில் வருவது இது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொள்வாள்.

நவம்பரில் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சி தருவதற்கு ஜெர்மன்காரப் பெண் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தார். இளம்பெண்தான், ஆனால் மிகப் பொறுமையானவர். அப்பிள், வீடு, சாவி என்று படங்கள் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பி, ஜெர்மனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவார். பதினாறு வயதான எங்கள் மகள் பக்கத்தில் இருப்பாள். என் மனைவி அட்டைகளைப் பார்ப்பாள், பயிற்சியாளரின் உதட்டைப் பார்ப்பாள், பிறகு "அது" என்பாள்.

அந்த நேரத்தில்தான் மேல்மாடி அக்கா எங்களுக்கு ஓர் ஆலோசனை சொன்னார். மன்னாரைச் சேர்ந்தவர், தேவாலயத்தில் மாதாந்தத் தமிழ்ப் பூசைக்கு எங்களோடு வருபவர். சூப் கொண்டுவந்தவர், கோப்பையை மேசையில் வைத்ததுமே தொடங்கிவிட்டார்.

"தம்பி, நான் சொல்லுறன் எண்டு கோவியாதேங்கோ. அந்தப் பிள்ளை டொச்சிலை பழக்குது, நீங்கள் வீட்டிலை தமிழிலை கதைக்கிறியள். இரண்டையும் ஒண்டாப் போட்டால் மனுசிக்குக் குழம்பும்."

"அப்ப என்னக்கா செய்யிறது?"

"வீட்டிலையும் டொச்சைக் கதையுங்கோ. ஒரு பாஷை ஒழுங்கா வரட்டும். மற்றது பிறகு தானா வரும்."

அது நியாயமாகவே பட்டது. மருத்துவம் ஜெர்மனில் நடக்கும்போது நாங்கள் தமிழைக் கலந்து கெடுக்கக் கூடாது என்று நினைத்தோம். பயிற்சியாளரிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் ஒரு வழியில் செய்தால் அதற்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று இந்த நாட்டில் பழகியிருந்தோம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஜெர்மன் நடந்தது. என்னுடைய ஜெர்மன் பண்டகசாலை ஜெர்மன். சரக்கு வந்தது, சரக்குப் போனது, இரண்டு பெட்டி குறைகிறது என்பதெல்லாம் எனக்கு நன்றாக வரும். நோயில் கிடக்கும் மனைவியிடம் என்ன சொல்வதென்று அதில் தெரியாது. ஒருநாள் காலை அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டு நான் ஏதோ சொன்னேன். மகள் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, நீங்கள் அம்மாவை இறக்கியாச்சு எண்டு சொல்லுறியள். லொறியிலை இருந்து இறக்கிறமாதிரி."

நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு எனக்குப் பேசவே கூச்சமாகிவிட்டது. வீடு மெல்ல மெல்லச் சத்தமற்றுப் போனது.

வாசிப்பும் நின்றிருந்தது. ஒரு நாவலை எடுத்தால் ஒரே பக்கத்தை நாலு தரம் வாசித்துவிட்டு மூடிவைப்பேன். இருபத்தேழிலேயே வருடம் முடிந்துவிடும் போலிருந்தது. சொன்னால் அற்பமாகத் தெரியும், ஆனால் அந்த நாற்பதை நான் விட விரும்பவில்லை. எல்லாம் கைவிட்டுப் போகும்போது ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம். மகளிடம் சொன்னேன். சனிக்கிழமை அவள் தமிழ்ப் பாடசாலையிலிருந்து ஒரு பை நிறையச் சிறுவர் கதைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள்.

"இதில் ஒண்டு பத்துப் பக்கம் அப்பா. அதிலையும் பாதி படம். இதையும் புத்தகமெண்டு எழுதப்போறியளோ?"

"அட்டை இருக்கு. முடிவு இருக்கு. புத்தகம்தான்."

"கள்ள ஆட்டம்."

"நீ போய்ப் படி."

மனம் நில்லாததால் அந்தக் கதைகளைக்கூட என்னால் மௌனமாக வாசிக்க முடியவில்லை. சத்தமாக வாசித்தால்தான் வரிகள் உள்ளே போயின. சமையலறையில் இருந்து வாசித்தேன். கதவு திறந்திருந்தது. மனைவி அடுத்த அறையில் சாய்வு நாற்காலியில் நித்திரை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவதோ நான்காவதோ புத்தகம். ஒளித்துப் பிடித்து விளையாட ஆசைப்பட்ட ஒரு யானைக்குட்டியின் கதை. அது ஒரு குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "நான் தெரிகிறேனா?" என்று கேட்கும். மற்ற மிருகங்கள் அதன் மனம் நோகக் கூடாதென்று "தெரியவில்லை, தெரியவில்லை" என்று சொல்லும். அடுத்து ஒரு வாளிக்குப் பின்னால். அதற்கும் அதே பதில். கடைசியாக ஒரு விளக்குமாற்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளும். நான் அந்த வரியை முடிக்கவில்லை. அடுத்த அறையிலிருந்து சிரிப்புக் கேட்டது.

எழுந்துபோய்ப் பார்த்தேன். அவள் விழித்திருந்தாள். கண்களில் நீர் வர, தோள்கள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய சிரிப்பு, மூக்கால் ஒரு சத்தம் வரும் அதே சிரிப்பு. செப்டெம்பருக்குப் பிறகு அதை நான் கேட்கவில்லை. விளக்குமாறு என்ற சொல் அவளுக்குள் போய், அது எவ்வளவு ஒல்லி, யானை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அங்கே கூடி, நான் சொல்லி முடிக்குமுன் சிரிப்பாகத் திரும்பி வந்திருந்தது. அந்த ஜெர்மன் அட்டைகளுக்கு முன்னால் வாரக்கணக்காக எதையும் பிடிக்க முடியாமல் இருந்தவள்.

அதன் பிறகு அவள் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு வாசித்தேன். கதை வாசிப்பது பேசுவதாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பையில் இருந்த ஒன்பது கதைகளும் முடிந்தன. கணக்கு முப்பத்தாறுக்கு வந்தது. மீதி நான்குக்கு மேல்மாடி அக்காவிடம் கேட்டேன். அவர் மெத்தைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து நான்கு செபப் புத்தகங்களைத் தந்தார். இரண்டு தியானப் புத்தகங்கள், ஒரு நவநாள் புத்தகம். கடைசியாக இருந்தது மாதாவுக்கான மன்றாட்டு மாலையும் மற்றச் செபங்களும் அடங்கிய சிறிய புத்தகம்.

"தம்பி செபம் சொல்லுறதுக்கோ, கணக்குக்கோ?"

"இரண்டுக்கும்தான் அக்கா."

"ஓம் ஓம், மாதாவுக்கும் கணக்கு விளங்கும்" என்று சிரித்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய திருவருகைக் காலம். மேசையில் நான்கு மெழுகுதிரிகளில் மூன்றை ஏற்றியிருந்தோம். தியானங்களையும் நவநாளையும் முடித்துவிட்டு நாற்பதாவது புத்தகத்தைத் திறந்தேன். மன்றாட்டு மாலை என்பது தனி ஒருவர் வாசிக்கும் எழுத்தல்ல. முன்னால் நிற்பவர் மாதாவை ஒரு பெயரால் அழைப்பார், இருப்பவர்கள் எல்லோரும் பதில் சொல்வார்கள். அடுத்த பெயர், திரும்பவும் அதே பதில். சிறுவயதிலிருந்து அப்படியே கேட்டு வந்ததால் நான் என்னை அறியாமலே முதல் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

முழுதாக. ஒரு எழுத்தும் சிதறாமல். அது அவளுடைய குரல்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அடுத்த பெயரைச் சொன்னேன். பதில் வந்தது. அதற்கடுத்த பெயர். பதில் வந்தது. மகள் அறை வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் என்று சொல்ல முடியாத வாய் வேண்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே போனது. இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது? நாங்கள் தேடிக்கொண்டிருந்த இடத்தில் இருக்கவில்லை. அவளுக்குள் நாங்கள் போயிராத ஓர் அறை பூட்டப்படாமலே இருந்திருக்கிறது.

அடுத்த நாள் பயிற்சியாளர் வந்ததும் மகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு நிதானமாகப் பதில் சொன்னார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பாடமாக்கின செபம், பாட்டு எல்லாம் சிலருக்கு மிஞ்சியிருக்குமாம் அப்பா. அது தானா வாற பேச்சு. சொந்தமா யோசிச்சுக் கதைக்கிறது வேறையாம். அது வருமோ எண்டு இப்ப சொல்ல ஏலாதாம்." பயிற்சியாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "மற்றது, நாங்கள் ஏன் அம்மாவோட தமிழிலை கதைக்கேல்லை எண்டு கேக்கிறா."

"குழம்பும் எண்டு."

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறா."

மேல்மாடி அக்காவை எந்த மருத்துவ நிபுணரென்று அறிமுகப்படுத்துவது? பயிற்சியாளர் கோபப்படவில்லை. கையில் இருந்த அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, வாசியுங்கள், நான் கேட்கிறேன் என்று சைகை காட்டினார். வாசித்தேன். பதில் வந்தது. ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பெண் பேனையைப் பிடித்தபடி எழுதாமலே இருந்தார். போகும்போது என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினார்.

அன்றிரவு முதல் எங்கள் வீட்டில் தமிழ் திரும்ப வந்தது. மகள் பாடசாலைக் கதைகளை எல்லாம் அம்மாவுக்குச் சொன்னாள். அக்கா சூப்போடு வந்து, "நான் சொன்னதை ஆர் உங்களைக் கேக்கச் சொன்னது?" என்று எங்களையே ஏசினார். ஆனால் பயிற்சியாளர் சொன்ன அந்த ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. மாலையின் பதில் மாலைக்குரியது. அவளுக்கென்று ஒரு சொல் வருமா? செபத்துக்கு வெளியே அவள் இன்னும் "அது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நத்தார் முடிந்து இரண்டாம் நாள் நாற்பதாவது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். முடிவிலும் ஒரு சிறிய மன்றாட்டு இருந்தது. அன்று வேலையில் மேலதிக நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். களைப்பு. வாசித்துக்கொண்டே போனேன், அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். பதில் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. "அது" என்று வரப்போகிறது என்று நினைத்தேன். இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். மறுபடியும் முயன்றாள்.

"விட்... விட்டிட்டியள்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். உண்மைதான். ஒரு வரியைத் தாண்டி வந்திருக்கிறேன். அந்தச் சொல் எந்தச் செபத்திலும் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தவறைப் பார்த்து, அதற்கேற்ற வினையைத் தேடி, கணவனுக்குரிய மரியாதை விகுதியையும் சேர்த்து, அவளே கட்டிய சொல்.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

அவள் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாளா, தெரியாது. இடது கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, நான் தாண்டிய வரியில் விரலை வைத்தாள். மகள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"அம்மாவோ கதைச்சவ? என்ன சொன்னவ?"

"நான் ஒரு வரியை விட்டிட்டனாம்."

"விட்டனீங்களோ?"

"ஓம், விட்டிட்டன்."

விரல் இருந்த இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவள் தலையை ஆட்டி மறித்தாள். பக்கத்தை ஒரு தடவை, இன்னொரு தடவை பின்னுக்குப் புரட்டி, மன்றாட்டின் முதல் வரியைக் காட்டினாள். மகள் கையைத் துடைத்துவிட்டு அவள் காலடியில் இருந்தாள். நான் முதலிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக வாசித்தேன்.