ஆறு மணி வரைக்கும் நடை

காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. விமானம் ஹெல்சின்கியில் தரையைத் தொட்டு, ஹைமோ கைபேசியைத் திறந்த நிமிடம். அக்கா ரைலியின் எதிர்வீட்டு சில்வி அனுப்பியிருந்தாள்: “ரைலி விடிகாலை நாலு மணிக்கு இறந்துபோய்விட்டாள். ரயில் நிலையத்தில் நிற்கிறேன். வழியில் தூங்காதே.”

பெர்த்திலிருந்து இருபத்திரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் கடைசி வாக்கியம் சில்வியுடையது அல்ல, அக்காவுடையது என்று அவனுக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் அம்மாவின் அடக்கத்துக்கும் இப்படித்தான் வந்து இறங்கினான். மூன்று மணி நேரம் மிச்சமிருந்தது. பத்தே நிமிஷம் என்று சோபாவில் சாய்ந்தான். ரைலி முன்னதாகவே தேவாலயத்துக்குப் போயிருந்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார். தூங்குகிற மனுஷனைத் தொந்தரவு செய்யலாமா? யாரோ போர்வை போர்த்தினார்கள். யாரோ அவன் காலணியை ஓரமாக வைத்தார்கள். பிறகு எல்லோரும் பூனை நடை நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கண்விழித்தபோது அம்மா மண்ணுக்குள் இருந்தாள். திரும்பி வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரைலி அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டம் மட்டும் போட்டாள்: தூரத்திலிருந்து பறந்து வந்தவர் யாரானாலும் சாயங்காலம் வரை ஊரைச் சுற்றி நடக்க வேண்டும், உட்காரக் கூடாது. கல்லியோ பகுதியில் முப்பத்துநாலு வருடம் தபால் கொடுத்தவள்; லிஃப்ட் இல்லாத மாடிகளையெல்லாம் முழங்காலால் மனப்பாடம் செய்தவள். நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மனிதர்களைக் கதவு எண் சொல்லி. தப்பான வீட்டு மணியை அடித்துவிட்ட ஜப்பான்காரர் ஒருவரைக்கூட, பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஏழு மணி நேரம் நடத்தியிருக்கிறாள். அவர் வருடாவருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்.

சில்வி இரண்டு கைகளிலும் நடைக்கோல்களோடு நின்றிருந்தாள். வயது எழுபத்திரண்டு.

“வா தம்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில முகம் பாக்க நேரம் குடுத்திருக்காங்க. அரை மணி நேரந்தான். நாளைக்கு அவள வேற எடத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க.”

“இப்பவே போக முடியாதாக்கா?”

“கேட்டுப் பாத்தேன். ஆறுன்னா ஆறுன்னுட்டாங்க. அதுவரைக்கும் நீ முழிச்சிருக்கணும். போன வாரமே உங்கக்கா எழுதிக் குடுத்துட்டா, நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவன நடக்க வைன்னு.”

ஒரு தபால் அட்டை. இடம், நேரம், காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்பது வரை வரிசையாக எழுதியிருந்தது. காசு என்ற இடத்திலெல்லாம் ‘ஹைமோ.’

விரிகுடாவைச் சுற்றி வந்தார்கள். ஹகானியெமி சந்தையில் நின்றபடியே காப்பி, ஏலக்காய் பன். அவன் நாற்காலியைப் பார்த்த போதெல்லாம் கோல் முனை கணுக்காலைக் குத்தியது.

“ஜூன் மாசம் என் கேக் டின்ன வாங்கிட்டுப் போனா உங்கக்கா. இன்னும் வந்து சேரல. ஊர்ப் பார்சலையெல்லாம் வீடு தேடிக் குடுத்தவளுக்கு எதிர்வீடு தெரியல பாரு.”

“செத்தவங்களப் போய்த் திட்றீங்களே.”

“உயிரோட இருக்கும்போது திட்டுனதுதான். புதுசா ஒண்ணும் சேக்கல.”

நவம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஒரு தெருமுனையில் சிவப்பு விளக்கு. இந்தப் பக்கம் கார் இல்லை, அந்தப் பக்கம் சைக்கிள் இல்லை, கண்ணுக்கெட்டிய வரை ஈ காக்கை இல்லை. இருவரும் நின்றார்கள், சிவப்பில் தாண்டுவது எப்படி? நின்ற இடத்திலேயே ஹைமோ குதிரை மாதிரித் தூங்கிப்போனான்.

பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. மூன்றாவது பச்சையில் கோல் அவன் பாதத்தில் நச்சென்று இறங்கியது.

“ஐயோ! எவ்ளோ நேரமாச்சு?”

“ரெண்டு பச்சை.” சில்வி கோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எழுப்பக் கை வரலடா. அன்னைக்கி ஒனக்குப் போர்வை போத்துனவ நான்தான்.”

ஹைமோ பாதத்தைத் தேய்த்துக்கொண்டான். “நல்ல கதகதப்பான போர்வைதான்,” என்றான். பச்சை விழுந்தது, தாண்டினார்கள்.

ஆறு மணிக்கு அந்த அறைக்குள் அவன் தனியாகப் போனான். ரைலிக்கு யாரோ வகிட்டைத் தப்பான பக்கம் எடுத்திருந்தார்கள். அவன் விரலால் சரிசெய்தான். நாற்காலி போட்டிருந்தார்கள், அரை மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தான்.

“முழிச்சிருக்கேங்க்கா,” என்றான்.

அட்டையில் கடைசி வரி ஒன்று மிச்சமிருந்தது: ‘ஃபிரிட்ஜ் மேலே சில்வியின் கேக் டின். கொடுத்துவிடு.’

அடக்கம் முடிந்து மூன்று வாரமாகிறது. அந்த ஒரு வரியை மட்டும் ஹைமோ இன்னும் முடிக்கவில்லை; டின் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.