கோணலாக விழுந்த ஒரு ரூபாய்

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு அறுந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சொல்லாமல் விட்டால்தான் என் பெருமையில் பாதி குறைந்துபோகும். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சாபீசில் தாள் அடுக்கினேன், மெஷின் ஓட்டினேன், கடைசியில் விஸ்வநத்தம் ரோட்டில் சொந்தக் கம்பெனி போட்டேன். சிவப்பு மேல் மஞ்சள் ஒரு மயிரிழை விலகி விழுந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். படித்தவர்கள் அதற்கு லென்ஸ் தேடுவார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். தீபாவளி லோடெல்லாம் போய் ஊர் ஓய்ந்திருந்த நேரம். விருதுநகரில் மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போகிற வழியில் டீ குடித்தேன். மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் கிடைத்தது. சிங்கத் தலை ஓரத்துக்கு ஓடியிருந்தது. எதிர்ப் பக்கம் பிறை மாதிரி வெறும் தகடு. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் அதே அளவுக்கு விலகல். தாள் கோணலாக உட்கார்ந்தபோது மெஷின் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

சம்பந்தியிடம் காட்டினேன். அவர் பி.காம்., பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். காசை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“யாரோ ரயில் தண்டவாளத்துல வச்சு நசுக்கிருக்கான் சம்பந்தி.”

“நசுங்குனா எழுத்தும்லா நசுங்கும்? வெறும் பக்கம் மழமழன்னு இருக்கு பாருங்க. அடிக்கிற எடத்துலயே அச்சு விலகிருக்கு.”

“அச்சு விலகுறதெல்லாம் உங்க சிவகாசில நடக்கும். சர்க்கார்ல விலகாது.”

மருமகன் முன்னால், மகள் முன்னால் இப்படிச் சொன்னார். பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவிவிட்டேன்.

மதுரையில் நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. தப்பாக அடிபட்ட காசுகளைப் படம் போட்டு, கீழே வைத்திருப்பவர் பெயரையும் போட்டு வருஷம் ஒரு புத்தகம் கொண்டுவருவார்கள். அதில் என் காசு ஏற வேண்டும். அந்தப் பக்கத்தை விரித்துச் சம்பந்தியின் மடியில் வைக்க வேண்டும். அடுத்த ஆவணி மாதம் வரை எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று மூன்று படம் கேட்டார்கள். காமிராவில் பிளாஷ் போட்டால் காசு வெறும் வெள்ளைப் பொட்டாக விழுந்தது. பிளாஷை அணைத்தேன். ஜன்னலில் டிரேசிங் தாள் ஒட்டி வெயிலைப் பால் மாதிரி ஆக்கினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் மேடும் பள்ளமும் தெரியும். பக்கத்தில் ஸ்கேலை வைத்து, மூச்சை அடக்கி எடுத்தேன். சிங்கத்தின் பிடரி மயிரை எண்ணலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படத்தை என் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் கொடுத்து, “பளிச்சுன்னு பண்ணி எடு தாயி” என்றேன். அவள் எட்டு வருஷமாக என்னிடம் திட்டு வாங்கித் தேறியவள். லேபிளில் சிரிக்கிற குழந்தைக்குப் பல் இல்லையென்றால் பல் வைப்பாள். எடுத்து வந்த படத்தைப் பார்த்தேன். “ஆகா, என்ன சுத்தம்!” என்று மதுரைக்கு அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ‘தங்கள் காசு குறையொன்றும் இல்லாமல் நல்ல நிலையில் உள்ளது. கடையில் கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்கள்.’

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிங்கம் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது. பிறையைக் காணோம். மயிரிழை விலகலைப் பத்தடியில் பிடிக்கிற நான் இதைப் பார்த்துத்தான் ஆகா போட்டிருக்கிறேன். நேராக இருந்தால் நல்லது என்றே பழகின கண். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

காசை மடியில் முடிந்துகொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். சங்கத்துச் செயலாளர் சுங்குடிச் சேலை வியாபாரம் பார்க்கிற ஒரு பாய். லென்ஸில் பார்த்தார், தராசில் போட்டார், விளிம்பை நகத்தால் தடவினார்.

“அண்ணாச்சி, காசு அசல். போட்டோதான் கள்ளக் காசு” என்று சிரித்தார். “புஸ்தகத்துல போட்டுருவோம். நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

“எங்க அடிக்கிறீக?”

“வேற எங்க? உங்க ஊருலதான்.”

சிவகாசியில் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரு பெண் உட்கார்ந்து எல்லாக் காசையும் நல்ல காசாக்கிவிடுவாள். “பாய், இதை நானே அடிச்சுத் தாரேன். வேற ஆளு கையில கொடுக்காதீக” என்று படங்களை வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன்.

“அண்ணாச்சி, இந்தக் காசுல ஓரத்தைக் கடிச்ச மாதிரி இருக்கு. மூடிறட்டுமா?”

“தொடாத!”

“இதுல எழுத்து ரெண்டு தடவை விழுந்திருக்கு.”

“அதுக்குத்தான் தாயி அதைப் புஸ்தகத்துல போடுறாக.”

“இதுக்குத்தானே எட்டு வருசமா என்னை வஞ்சீக?” என்றாள். மெஷின்காரன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

புத்தகம் வந்தது. பக்கத்தை விரித்துச் சம்பந்தியின் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். என் பெயரை உரக்க வாசித்தார். படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“பேரு நல்லாத்தான் விழுந்திருக்கு. படம்தான் ஒரு பக்கமா ஓடிப்போச்சு. அடிக்கையில பாக்க மாட்டீகளா, சம்பந்தி?”

மருமகன் முற்றத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பையிலிருந்த மிச்சம் நாலு புத்தகத்தையும் அவர் வீட்டு டீப்பாயில் அடுக்கினேன். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு சிவகாசி பஸ்ஸைப் பிடித்தேன்.