ஜிப்பக்கா வீட்டு ஓரமாக ஒரு வழி

துணிக்கடையில் அவளை ஜிப்பக்கா என்றுதான் சொல்வார்கள். பழைய ஜிப்பைப் பிரித்துப் புதிது வைப்பது, கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, இதுதான் அவள் பிழைப்பு. "வாய்க்கும் சேத்து ஜிப்பு போட்டுக்கிட்டவ" என்பாள் தங்கை.

தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அப்பால் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் சரிவு, மரங்கள், ஓடையை ஒட்டிப் போகும் காட்டுப் பாதை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்தப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் லாரிகள் பறக்கும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். நடக்கிறவர்களுக்கு அங்கே ஓரம்கூடக் கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் மரங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத் தெருக்கோடி வரை வருவார்கள். ஒருத்தர் சுவர் ஏறிக் குதிக்கலாமா என்று யோசிப்பார்; கூட வந்தவர் கையைப் பிடித்து இழுப்பார். திரும்பிப் போய்விடுவார்கள். மெஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே இதையெல்லாம் பார்த்திருந்த ஜிப்பக்காவுக்கு, தெருக்காரர்களின் முகத்தைவிட முதுகுதான் அதிகப் பழக்கம்.

கணவர் கிரேன் ஓட்டினவர். நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவதால் வீட்டுக்குள் நுழைந்தால் வாய் மூடாது. அவர் பேசுவார், இவள் உம் கொட்டுவாள். அவர் காலமானபிறகு உம் கொட்டவும் வேலையில்லை. வாரத்துக்கு ஒருமுறை துணிமூட்டை கொண்டுவருகிறவர், "எத்தனை உருப்படி முடிஞ்சுது?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்தது.

அப்படி இருக்கையில்தான் நகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் அளவு நாடாவோடு வந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுப் பக்கவாட்டுல இருக்கிற இந்தத் துண்டு இடத்தைக் குடுத்தீங்கன்னா, சுவரை உடைச்சு வழி போட்டுடலாம். சுத்துவட்டாரமே நடந்து காட்டுக்குப் போயிடும். ஆனா உங்க சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் எல்லாரும் போவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கை போனில் குதித்தாள். "உனக்கென்ன பைத்தியமாக்கா? போறவன் வர்றவன் எல்லாம் உன் சட்டிக்குள்ள எட்டிப் பாப்பான். இன்னைக்கு என்ன சமையல்னு கேப்பான்!"

கேட்கட்டுமே என்று ஜிப்பக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியதே அதுதான். யாராவது ஒருத்தர் ஜன்னலோரம் நின்று, என்ன சமையல் என்று கேட்கவேண்டும். அதைக் கூடப்பிறந்தவளிடம் சொல்லவும் கூச்சம். "நாலு பேருக்கு நல்லதுதானே" என்று சொல்லி இடத்தைக் கொடுத்துவிட்டாள்.

சுவர் உடைந்தது. கல் பதித்தார்கள். சரிவில் படியும், பிள்ளை வண்டி தள்ளிப்போகச் சாய்தளமும் வந்தன. வழி திறந்த அன்று அவள் மெஷினைச் சமையலறைக்கே நகர்த்திக்கொண்டாள். திரையைத் துவைத்து மாட்டி, நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்தி உட்கார்ந்தாள்.

ஜனங்கள் சாரிசாரியாக வந்தார்கள்.

"டாக்டர் நடக்கத்தான்டி சொன்னாரு, ஓடச் சொல்லல."

"நேத்து மூணாவது துண்டு கேக்கை எடுக்கும்போது டாக்டர் ஞாபகம் வரலையாக்கும்?"

ஜிப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆள் வரும் சத்தம் கேட்டாலே மெஷினை நிறுத்திவிடுவாள், பேச்சு காதில் விழவேண்டுமே. அதனால் வெளியே போகிறவர்களுக்கு அந்த வீடு எந்நேரமும் ஊமையாகவே இருந்தது. வெளியே வெயில், உள்ளே நிழல். கண்ணாடியில் அவர்களுக்கு மரம்தான் தெரிந்தது. ஒரு பெண் நின்று ஜன்னலை உற்றுப் பார்த்தாள். ஜிப்பக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் கண்ணாடியில் முகம் பார்த்து, முடியை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள் யாரோ சொன்னார்கள்: "இந்த வீட்ல யாரும் இல்ல போல. வழிக்காகக் காலி பண்ணிட்டாங்களோ என்னவோ."

ஒரு இருமல் இருமியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அதுவும் வரவில்லை.

சில வாரம் கழித்து, பின்கதவை யாரோ பிடித்து ஆட்டினார்கள். மறுபடியும் ஆட்டினார்கள். பயத்தில் அவள் வாயிலிருந்து வந்தது: "ஆள் இருக்கு!"

"சரிங்க, மெதுவா வாங்க. நான் நிக்கிறேன்," என்றது வெளியே ஒரு பெண்குரல், பொறுமையாக.

அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் இவளும் நின்றார்கள். பிறகு, "கொஞ்சம் அவசரம்ங்க" என்றது குரல். அப்போதுதான் ஜிப்பக்காவுக்கு உறைத்தது. நடக்க வருகிறவர்களுக்காக நகராட்சி வைத்த கழிப்பறை என்று நினைத்திருக்கிறாள் மகராசி.

கதவைத் திறந்தாள். வந்தவள் அடுப்பைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், தொங்கும் கால்சட்டைகளைப் பார்த்தாள். "ஐயையோ, வீடா இது!"

"பரவால்ல, உள்ள போயிட்டு வாங்க," என்று கையைக் காட்டினாள் ஜிப்பக்கா.

திரும்பி வந்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இத்தனை நாளா உள்ளயா இருந்தீங்க? நாங்க பாட்டுக்குக் கத்திப் பேசிட்டுப் போவோமே. எங்க மாமியாரைப் பத்தி வேற…" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள், எனக்கு அதுதான் துணை. இவ்வளவும் ஜிப்பக்காவின் தொண்டையில் வந்து நின்றது. வெளியே வந்தது இதுதான்: "எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுக்கா." அவள் படியிறங்கி ஓடினாள். முன்னால் போனவர்களிடம் கத்துவது கேட்டது: "ஏய், அங்க ஒரு அம்மா குடியிருக்காங்கடி, பாவம்!"

மறுநாளிலிருந்து அந்த ஜன்னல் வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகளை உஷ் என்று அடக்கினார்கள். போனில் பேசுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தினார்கள். எல்லாம் மரியாதைதான். மெஷினை நிறுத்திவிட்டு அவள் காத்திருந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் வந்து போயிற்று.

மூட்டைக்காரர் சொன்னார்: "இவ்ளோ ஜனம் போகுது, ஒரு சத்தம் இல்லையே! குடுத்து வச்சவங்கக்கா நீங்க."

"ஆமா," என்றாள்.

அவர் போனபிறகு மூட்டையைப் பிரிக்கத் தோன்றவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வழியில் இறங்கினாள். அன்றுவரை அவள் அதில் நடந்ததே இல்லை. சாய்தளம் தாண்டியதும், ஜன்னலருகே அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்துச் சத்தமாகப் பேசிக்கொண்டு இரண்டு பெண்கள் முன்னால் போனார்கள். அவர்களைத் தொடர்ந்து காதுக்கெட்டும் தூரத்தில் நடந்தாள். அவர்கள் மெதுவானால் இவளும் மெதுவானாள்.

ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கினாள். "நாங்க வழியை அடைச்சிட்டு நிக்கிறோம். நீங்க போங்கக்கா."

தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் போய், ஒரு மரத்தடியில் நின்று, அவர்கள் வரட்டும் என்று செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள்.