ஏழு மாடி ஏறாத மாலை

அஞ்சலை போய்விட்டாள் என்ற சேதி வந்தபோது நான் சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் மகன் கணேசன்தான் போன் பண்ணினான். “பெரியம்மா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. லிஃப்ட் வேல செய்யல. மெதுவா ஏறி வாங்க.” பெற்றவள் செத்ததைச் சொல்லும் வாயாலேயே லிஃப்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பிளாட்டின் லட்சணம் அது. உரித்ததை அப்படியே போட்டுவிட்டுக் கிள்ளானுக்குப் புறப்பட்டேன்.

அவளைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினோம். தோட்டத்தை விற்றார்கள். எங்களை மேரு பக்கம் இந்த மலிவு விலை பிளாட்டில், ஏழாவது மாடியில், அடுத்தடுத்த வீட்டில் கொண்டுவந்து அடைத்தார்கள். தோட்டம் இருந்த இடத்தில் பணக்காரர்களுக்கான கொண்டோ எழுந்தது. அஞ்சலை அங்கேயே கூட்டித் துடைக்கப் போனாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து சொன்னாள்: “அக்கா, அங்க நாய்கூட லிஃப்டுலதான் போவுது. அதுல பாட்டு வேற பாடுது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் முத்துவுக்கு நெஞ்சு வலி வந்த அன்றும் லிஃப்ட் செத்துக் கிடந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, மேல்மாடி மலாய்க்காரப் பிள்ளைகளும் நம் ஆட்களுமாகத் தூக்கி இறக்கினார்கள். கீழே ஆம்புலன்ஸ் நின்றது. நாற்காலி வந்து சேர்ந்தது; முத்து வந்து சேரவில்லை.

மறுநாள் எங்கள் சட்டமன்ற உறுப்பினர், நாங்கள் வைபி என்று கூப்பிடுகிறவர், வந்தார். கீழ்மண்டபத்தில் கிடத்தியிருந்த முத்துவுக்கு ஆளுயர மாலை போட்டார். அஞ்சலையின் தோளைத் தொட்டுக்கொண்டு கேமராவுக்கு முகத்தைத் திருப்பினார். “லிஃப்ட் என் பொறுப்பும்மா” என்றார். தேர்தல் வரைக்கும் லிஃப்ட் ஓடியது. ஓட்டு எண்ணி முடித்தார்கள், அதுவும் நின்றது. நான் எதையும் மறக்கவில்லை. அன்று அவர் போட்டிருந்த பாத்தேக் சட்டையில் என்ன பூ என்பதுகூட நினைவிருக்கிறது.

அதன் பிறகு அந்த நாற்காலியில் அவள் யாரையும் உட்காரவிட்டதில்லை. வாசலில் போட்டு வைத்தாள். “இது வைபிக்கு. ஏறி வந்து உக்காரட்டும், அப்பறம் பேசலாம்” என்பாள். எதிர்வீட்டு ஷாமினி, ஆபீஸ் போகிற பெண், ஒரு தடவை வாயைக் கொடுத்தாள். “யாருக்குப் போட்டாலும் ஒன்னுதான் ஆன்டி. நான் ஓட்டே போடப் போறதில்ல லா.” அஞ்சலை விடவில்லை. “எல்லாரும் திருடனுங்கதான். அதுக்காகத் தாப்பா போடாமத் தூங்குவியா?” அடுத்து வந்த தேர்தலில் ஷாமினி இவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தானும் போய்ப் போட்டாள்.

என்னிடம் ஒரு சத்தியமும் வாங்கியிருந்தாள். “எனக்கு மாலை போடுறவன் எவனா இருந்தாலும் வீட்டுக்கு ஏறி வந்து போடட்டும். கீழ வச்சு என்னய போட்டோவுக்குக் காட்டாதீங்கக்கா.”

நான் போய்ச் சேர்ந்தபோது வைபியின் கார் கீழே நின்றது. மேலே வைபியைத் திருடன் என்று திட்டுகிற அதே சனம் கீழே அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. சாவு வீட்டில்! காறித் துப்பலாம் போலிருந்தது. நான் ஏறிப் போன கொஞ்ச நேரத்தில் அவருடைய ஆள் ஒருவன் மாலையைக் கீழேயே விட்டுவிட்டு, வியர்த்து வழிய மேலே வந்தான்.

“பாட்டி, வைபிக்கு ஷா ஆலம்ல மீட்டிங். பாடிய சீக்கிரம் எறக்கிட்டா, மாலை போட்டுட்டுக் கெளம்பிருவாரு.”

“ஏன், வைபிக்குக் கால் இல்லையா?”

“முட்டி வலி பாட்டி.”

“இவளுக்கும் முட்டி வலிதான்டா. சாகுற வரைக்கும் ஏறுனா.”

கணேசன் என் கையைப் பிடித்தான். அவனுக்கு வைபி ஆட்களிடம்தான் லோரி ஓட்டும் வேலை. “பெரியம்மா, பகைச்சுக்க வேணாமே.” வாசலில் இருந்த நாற்காலியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். அப்பனைக் கட்டித் தூக்கிய நாற்காலி. நேராக அந்த ஆளிடம் போய்ச் சொன்னான்: “சடங்கெல்லாம் இங்கதான் பாஸ். அவர ஏறி வரச் சொல்லுங்க.”

ஏறி வரவில்லை. கார் போய்விட்டது.

அஞ்சலையைப் படிவழியே இறக்கினோம். வைபி விட்டுப்போன மாலையோடு கீழே காத்திருந்த அந்த ஆள், வண்டியில் ஏற்றும்போது அதை அவள்மேல் வைக்கப் பார்த்தான். பிடுங்கினேன். மண்டபத்தைத் தாண்டிப் போய் லிஃப்ட் கதவில் தொங்கிய ‘பழுது’ பலகைமேல் மாட்டினேன். “செத்தது இதுவும்தான். உங்க வைபி மாலை இதுக்கே இருக்கட்டும்” என்றேன். அங்கேயே தொங்கி அழுகியது. ஒருவரும் எடுக்கவில்லை.

கணேசனுக்கு லோரி வேலை போய்விட்டது. நான் நினைத்ததுதான். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பிள்ளை அல்லவா.

அவள் பொருளில் எனக்கென்று நான் கேட்டு வாங்கியது அந்தச் சிவப்பு நாற்காலி ஒன்றுதான். இப்போது என் வாசலில் கிடக்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன். உட்கார வேண்டியவர் இன்னும் ஏறி வரவில்லை.