காப்புக் கைகளுக்கு வாங்கிய கையுறைகள்

கரங்கான் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் தங்கள் கையாலேயே பொருள்கள் செய்து பழகும் மேக்கர்ஸ்பேஸ் கூடம் எங்கள் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். பழைய பாடநூல் அறையைக் காலி செய்து, கரையான் அரித்த அலமாரிகளை வெளியே தள்ளி, சுவருக்கு நானே சாயம் பூசினேன். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தது. கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் கோல்கள் வந்தன. கடைசியாக, மரத்தில் துளை போட மேசை டிரில் மெஷின் ஒன்றும் வந்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்திய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களே துளை போட்டு, மோட்டார் பொருத்தி, மரவண்டி செய்யப் போகிறார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

திறப்பு விழா, தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்தது. பால்குடம் எடுக்கப் போகிற பிள்ளைகள் பாதிப் பேர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டியிருந்தார்கள். திருவிழா முடியும்வரை அதை அவிழ்க்க முடியாது. அம்மாக்கள் வாட்சாப் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். காப்புக் கையில் கிரீஸ் படலாமா, பசை ஒட்டினால் என்ன செய்வது, விழாவைத் தள்ளிப் போடலாமே. கல்வி இலாகா அதிகாரி வர ஒப்புக்கொண்ட நாளைத் தள்ளிப்போட எனக்கு மனமே இல்லை. கூலிம் பட்டணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, சின்னக் கைகளுக்கு ஏற்ற நூல் கையுறைகளாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். காப்பும் உள்ளே பத்திரம், கையும் பத்திரம். சுவரில் ஒட்டிய பாதுகாப்பு விதிகளிலும் கையுறையைத்தான் முதல் விதியாக எழுதினேன். அம்மாக்கள் குழுவில் கும்பிடும் கை எமோஜியாக அனுப்பித் தள்ளினார்கள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று பெற்றோர்கள் அறை நிறைய நின்றார்கள். முதல் துளையைப் போட என் வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தேன். கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டி விட்டு, மெஷினைப் போட்டேன். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு கையை அருகே கொண்டு போனாள். பின்வரிசையிலிருந்து அவள் அப்பா ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரி முன்னால் முகத்தில் கரி பூசிவிட்டாரே என்ற ஆத்திரம். என்ன அண்ணே இது என்று கேட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இல்லை.

அவர் மகள் பக்கம் திரும்பினார். மகளின் கையுறையைக் கழற்றினார். உள்ளே அழுந்திக் கிடந்த காப்பின் இரண்டு முனைகளும் தளர்ந்து தொங்கின. அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த நீளமான மரச்சட்டத்தின் நுனியில் அந்தக் கையுறையை மாட்டினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிளக்கைச் செருகி, சட்டத்தின் நுனியைச் சுழலும் டிரிலுக்குப் பக்கத்தில் நீட்டினார்.

ஒரு நூல்தான் முதலில் சிக்கியது. அடுத்த நொடி கையுறை முழுக்கச் சுற்றிக்கொண்டது. சட்டம் அவர் பிடியிலிருந்து பறந்து, மெஷின் தூணில் அடித்து இரண்டாக முறிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் மகனை இழுத்து அணைத்துக்கொண்டார். சுற்றிக் கிழிந்து தொங்கிய அந்தக் கையுறையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மெஷினை அணைத்துவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. தினமும் காலையில் மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறவர். அவர் கையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“கம்பெனியில டிரில்லுதான் டீச்சர். கிளவுஸ் இல்லன்னா தோலுதான் கிழிஞ்சிருக்கும். கிளவுஸ் இருந்ததால கையையே உள்ள இழுத்திருச்சு.”

அதிகாரிக்குத் தேநீர் கொடுக்கத் தலைமையாசிரியர் எல்லாரையும் வெளியே அழைத்துப் போனார். பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் நின்றார். நான் மேசை மேசையாகப் போய்க் கையுறைகளைப் பொறுக்கினேன். என்னை நம்பித்தானே அனுப்பினார்கள், இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் என்று நினைத்தபடியே ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டேன். காப்புக் கயிறும் இதே மாதிரி இழுக்கும், அதை அவிழ்க்கும்வரை ஒருத்தரையும் இந்த மெஷின் பக்கம் விட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் உடைந்த சட்டத்தைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். சரி என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. உங்களுக்குக் கையுறையைக் கொடுத்த ஆளை யாரும் ஒன்றும் கேட்கவில்லையா, எப்படிப்பட்ட மனிதர் அவர் என்று கேட்டுவிட்டேன்.

“சூப்பர்வைசர் கொடுத்தாரு. ரொம்ப நல்ல மனுசன்லா டீச்சர். நாங்க கேக்கவே இல்ல. எங்க கை நல்லா இருக்கணும்னு அவரே தேடிப்போய் வாங்கிட்டு வந்தாரு.”

நான் அணைத்துப் பிடித்திருந்த கையுறைகளை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார், கொஞ்சமும் கோபம் இல்லாமல்.