சோடாப் புட்டி அளவுக் கை

எங்கள் தீவில் எலிடாவின் வீட்டுச் சுவரோரம் காலிப் புட்டிகள் வரிசையாக நிற்கும். வந்துபோகும் படகுக்காரர்கள் அவள் புருஷனை மொடாக்குடியன் என்றே நினைத்தார்கள். பாவம், அவன் சொட்டுக்கூடத் தொடாதவன். ஒவ்வொரு புட்டியும் ஒருத்தியின் கை அளவு. எங்கள் குனா இனத்துப் பெண்கள் முன்கையில் சுற்றிக்கொள்ளும் வினி, ஒரே ஒரு நீள நூலில் கோத்த பாசிமணிதான். ஊசியால் கோக்கும்போது அதில் ஒரு படமும் தெரியாது. கையில் இறுக்கிச் சுற்றச் சுற்ற, ஒரு சுற்றின் மணி அடுத்த சுற்றோடு சேர்ந்து கட்டம் கட்டமாகப் படம் விழும். கை கொஞ்சம் பருத்தாலும் இளைத்தாலும் போச்சு, எல்லாம் கோணிவிடும்.

எலிடா கோத்தது ஒருநாளும் கோணியதில்லை. அந்தப் பெருமையில் அவள் கால் தரையில் பாவாது. அடுத்தவள் கோத்த வினியைப் பார்த்து "நல்லாருக்கே" என்பாள். கண் மட்டும் கோணலைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஊர்த்தலைவரின் மனைவி பிரிசெய்தா ஒருநாள் வந்தாள். அவள் அக்கா மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் பூப்பு விருந்து. அதற்குப் புது வினி வேண்டுமாம்.

"கையைக் குடுங்கக்கா, அளந்துக்கறேன்."

"எதுக்குடி அளவு? என் கல்யாணத்துக்கு நீதானே கோத்தே? அந்த மிளகாய்ச்சாறு புட்டிதான் என் கை. நான் என்ன ஊதியா போயிட்டேன்?"

அந்தக் கை மிளகாய்ச்சாறு புட்டியைக் காலி செய்துவிட்டுச் சோடாப் புட்டிக்குக் குடிபோய்ப் பல வருஷமாகிறது. தலைவர் மனைவியிடம் அதை யார் சொல்வது?

"அதானே, அப்படியேதான் இருக்கீங்க" என்றாள் எலிடா.

சொன்ன அளவுக்குக் கோத்தால் விருந்தில் படம் கோணும். ஊர் பிரிசெய்தாவின் சதையைப் பழிக்காது, எலிடாவின் கைவேலையைத்தான் பழிக்கும். பிரிசெய்தா போனதும் அவள் சோடாப் புட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மிகெய்லா எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு கை?"

"தலைவர் வீட்டம்மா."

"அவங்க மிளகாய்ப் புட்டின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்களே."

"சொல்றது அவங்க வாய். நான் கோக்கறது அவங்க கைக்கு. வெளியே விட்டே, உனக்கு உலக்கையில அளவெடுப்பேன்."

எலிடாவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வீட்டுக்குப் போன பிரிசெய்தாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படம் கோணினால் பொய் அம்பலமாகிவிடுமே. அன்றைக்கே தேங்காய் ரொட்டியை விட்டாள், வறுத்த வாழைக்காயை விட்டாள், சர்க்கரை போட்ட கோகோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷன் கேட்டதற்குப் பத்தியம் என்றாள்.

விருந்தன்று பெண்கள் சூழ்ந்து நிற்க, எலிடா வினியைச் சுற்றினாள். நாலு சுற்றுக்குள் கட்டத்தின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நழுவியது. அவிழ்த்துச் சுற்றினாள். மறுபடியும் அதே கோணல். பிறகுதான் கையைப் பார்த்தாள். அது பாதியாக வற்றியிருந்தது. சோடாப் புட்டி விஷயத்தைச் சொன்னால் எலிடாவின் பேர் பிழைக்கும், அவள் பிழைக்க மாட்டாள். கோணலோடேயே சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பிரிசெய்தாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாடி? கல்யாணத்து அளவுக்குக் கோத்தது. இப்ப அதுவே எனக்குப் பெருசு."

பெண்கள் அந்தக் கோணலையே ஏக்கத்தோடு பார்த்தார்கள். கரும்புச்சாற்றுக் கள் குடித்துக்கொண்டிருந்த மிகெய்லாவுக்கு மட்டும் புரையேறியது.

அடுத்த வாரத்திலிருந்து எலிடா வீட்டில் கூட்டம். எல்லாருக்கும் கோணல் வேண்டும். படம் நேராக விழுந்தால் குண்டு என்கிறார்களாம். எலிடா ஒவ்வொருத்திக்கும் அவள் கையைவிடப் பெரிய புட்டியாகப் பார்த்து எடுத்தாள். கோக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியாக வந்தவள் மிகெய்லா. உண்மை தெரிந்த இவள் ஒருத்தியாவது நேராகக் கேட்பாள் என்று எலிடா ஆசையாகக் கையைப் பிடித்தாள்.

"எனக்குத் தலைவர் வீட்டம்மாவைவிட இன்னும் கொஞ்சம் கோணட்டும்டி" என்றாள் மிகெய்லா.