ஒலிபெருக்கி நின்ற திருவிழா

எங்கள் சிறு தெருவான ஒழுங்கையில் இந்நிகழ்ச்சி பலவாறாகச் சொல்லப்படுகிறது. ஒருவர் கதையில் நான் அழுதுகொண்டு கோயிலுக்கு ஓடுகிறேன்; மற்றொருவர் கதையில் என் தந்தையார் சண்டைக்குப் போகிறார். இரண்டும் நிகழவில்லை. ஆதலால் நான் நேரிற் கண்டதையும், உரியவரிடம் கேட்டு உறுதிப்படுத்தியதையும் மட்டுமே எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சைக்கு நான் மூன்றாம் முறை தோற்றிய ஆண்டு அது. அதற்குமேல் எழுதிப் பல்கலைக்கழகம் புக வழியில்லை. முன்னைய இரு முறையும் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். இணுவிலில் எங்கள் ஒழுங்கை முழுவதும் இதை அறியும். தோட்டத்துக்குப் போகிறவர்களும் வேலிக்கு மேலால் எட்டி, "என்ன பிள்ளை, இந்த முறை சரிதானே?" என்று கேட்டுவிட்டே போவார்கள்.

பரீட்சைக் கிழமையிலேயே ஒழுங்கை முனை வைரவர் கோயிலில் திருவிழாவும் வந்தது. ஆண்டுதோறும் விடியலில் தொடங்கும் ஒலிபெருக்கி அம்முறை ஒலிக்கவில்லை. அளவெட்டியிலிருந்து வந்த மேளக் குழுவினரையும் அடக்கி வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். தவிலை எப்படி அடக்கி வாசிப்பது என்று அவர்கள் கேட்டதைக் கோயிற் செயலாளரே பின்னர் எனக்குச் சொன்னார்.

அந்த அமைதி எவருக்காக என்பதை என்னால் ஒரு கணமும் மறக்க இயலவில்லை. பௌதிகவியற் பரீட்சைக்கு முதல்நாள் மாலை ஒரே கணக்கை மீண்டும் மீண்டும் தொடங்கினேன். சத்தம் எனக்குக் கேட்காதபடி அம்மா தேங்காய் துருவுவதற்குத் துருவலையைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுக்குப் போயிருந்தார். அதைக் கண்டதும் எழுந்து கோயிலுக்கு நடந்தேன்.

செயலாளர் பூமாலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஸ்பீக்கரைப் போடுங்கோ."

"விசரே உனக்கு? நாளைக்குச் சோதினை!"

"அதுக்குத்தான் கேக்கிறன். இந்த அமைதியிலை படிக்க ஏலாமல் கிடக்கு."

"நீ பெயில் விட்டாயெண்டால் ஊர் ஆரைப் பேசும்? முதல் வைரவரை, பிறகு என்னை."

"என்னைப் பேசட்டும். நான்தான் போடச் சொன்னனானெண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஆர் மாமா நிப்பாட்டச் சொன்னது?"

"உனக்கேன் உது? போய்ப் படி."

நான் வீட்டை அடையுமுன் பாட்டு எழுந்தது. அம்மா பாதித் தேங்காயும் துருவலையுமாக ஓடிவந்தார்.

"ஆரடி உதைப் போட்டது?"

"நான்தான் போடச் சொன்னனான், அம்மா."

அவர் முற்றத்திலேயே அமர்ந்து மிச்சத்தைத் துருவினார். கணக்கை முடித்தேன். மறுநாள் வினாத்தாளில் அது வரவில்லை.

மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளிகள் வெளியாயின. மயிரிழையில் மேலே நின்றேன். மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்தது. அக்கிழமை அயலவர் மூவர் தனித்தனியே வந்து, குரலைத் தாழ்த்தி ஒன்றையே சொன்னார்கள்: "நான்தான் அண்டைக்கு ஸ்பீக்கரை நிப்பாட்டச் சொன்னனான், பிள்ளை." மூவருக்கும் நன்றி கூறினேன். செயலாளரிடம் விசாரித்தபோது, "மூண்டு பேரோ? நல்லது" என்று சிரித்தார்.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னவர் எவரென்று எனக்குத் தெரியாது. அது நின்றபடியே இருந்திருந்தால் எனக்கு என்ன புள்ளி வந்திருக்கும் என்பதும் தெரியாது.